ஒற்றை நட்சத்திரம் அழகுதான். அதன் சுவர் எங்கே?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

லண்டனில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எடுத்தது. எட்டு முனை நட்சத்திர வடிவில் ஒரு பீங்கான் ஓடு. "டீச்சர், நாலாம் வகுப்புல கலர் பேப்பர்ல வெட்ட வெச்சீங்களே, அதே நட்சத்திரம்!" என்று எழுதியிருந்தான். கூடவே இன்னொரு வரி: "நல்லவேளை இங்க கொண்டுவந்து வெச்சாங்க. இல்லேன்னா எப்பவோ உடைஞ்சு போயிருக்கும்."

முதல் வரியைப் படித்து மனம் நிறைந்தது. இரண்டாவது வரி உறுத்தியது. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கேயே போடுகிறேன்.

அந்த ஓடு ஈரான் நாட்டுப் பொருள். காஷான் என்ற ஊர்க் குயவர்கள் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை இந்த வேலையில் பெயர்பெற்றிருந்தார்கள். பாரசீக மொழியில் சுவர் ஓட்டுக்குப் பெயரே 'காஷி'தான். ஊர்ப்பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

அதன் பொன்னிற மினுமினுப்பில் தங்கம் கிடையாது. குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பவர் 1301இல் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். படிகக்கல் பொடி பத்துப் பங்கு, கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. இதைப் பிசைந்து ஓடாக்கி, வெள்ளைப் பூச்சு பூசி ஒருமுறை சுடுவார்கள். பிறகு வெள்ளியும் செம்பும் கலந்த சாந்தால் அதன்மேல் சித்திரம் எழுதி, இரண்டாம் முறை சூளையில் வைப்பார்கள். இந்த முறை கொழுந்துவிட்டு எரியும் தீ கூடாது. காற்றைக் குறைத்து மூன்று நாள் மெல்லிய புகையில் வைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது கருத்துப்போய்த்தான் இருக்கும். ஈர மண்ணால் தேய்த்தால் உள்ளிருந்து மினுமினுப்பு வரும். பூச்சின் மேற்பரப்பிலேயே படிந்துவிட்ட மிக நுண்ணிய வெள்ளி, செம்புத் துகள்கள் அவை. தீ கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை நட்சத்திர ஓடுகளில் புகழ்பெற்றவை, தெஹ்ரானுக்குத் தெற்கே வராமின் என்ற ஊரில் இருக்கும் இமாம்ஸாதே யஹ்யா என்ற அடக்கத்தலத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆண்டு 1262. நட்சத்திரம் ஒன்று, சிலுவை வடிவம் ஒன்று என்று மாறி மாறிச் சுவரில் பதித்தார்கள். நாம் வகுப்பில் செய்தது நினைவிருக்கிறதா? நான்கு நட்சத்திரங்களைச் சேர்த்து வைத்தால் நடுவில் சிலுவை வடிவில் இடம் விழும். ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது. ஓரங்களில் குர்ஆன் வசனங்கள், நடுவில் கொடிகளும் பூக்களும். அடக்கத்தலம் என்பதால் மனித உருவமோ விலங்கு உருவமோ வரையவில்லை.

அதே அறையில் 1265இல் அலி என்ற கலைஞர் ஆளுயரத்தைவிடப் பெரிய ஒரு மிஹ்ராபை, அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தை, இந்த ஓடுகளால் அமைத்துத் தன் பெயரைப் பொறித்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1305இல், அவர் மகன் யூசுப் அங்கே கல்லறையை மூடும் ஓடுகளில் தன் பெயரை எழுதினார். அப்பாவும் மகனும் ஒரே அறையில்.

இன்று அப்பாவின் மிஹ்ராப் ஹவாய் மாநிலத்தின் ஹொனலுலுவில் இருக்கிறது. 1940இல் ஓர் அமெரிக்கச் செல்வச் சீமாட்டி விலைக்கு வாங்கியது. மகனின் ஓடுகள் ரஷ்யாவில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில். நட்சத்திரங்களும் சிலுவைகளும் உலகமெங்கும் பல அருங்காட்சியகங்களில் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

"கொண்டுபோகாவிட்டால் உடைந்திருக்கும்" என்பது சரியா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1262இல் பதித்த ஓடுகள் அறுநூறு ஆண்டுகள் சுவரிலேயே இருந்தன. எத்தனை ஆட்சிகள் மாறின! 1881இல் பிரெஞ்சுப் பயணி ஜேன் டியூலாஃபோய் போனபோதுகூட மிஹ்ராப் அங்கேதான் இருந்தது. ஐரோப்பாவில் இவற்றுக்கு நல்ல விலை கிடைக்க ஆரம்பித்த பிறகு, சில பத்தாண்டுகளிலேயே சுவர் காலியானது. பெயர்த்தவன் யாராக இருந்தாலும், பெயர்க்க வைத்தது வாங்கியவனின் பணம். ஆபத்தை உண்டாக்கியவர்களே காப்பாற்றியவர்கள் என்று பெயர் வாங்கக் கூடாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது வரி என் மாணவனுடையது அல்ல, என்னுடையது. அருங்காட்சியகம் பற்றிய பாடத்தில் "வெளிநாட்டுக்குப் போனதால்தான் பல பொருள்கள் பிழைத்தன" என்று வருஷா வருஷம் நான்தான் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். அவன் நல்ல மாணவன், மறக்காமல் வைத்திருந்தான். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அருங்காட்சியகங்களை நான் வெறுக்கவில்லை. அவை இல்லாவிட்டால் அந்த ஓட்டை என் மாணவனும் பார்த்திருக்க மாட்டான், நானும் பார்த்திருக்க மாட்டேன். நன்றாகவும் பராமரிக்கிறார்கள். நாளைக்கே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. ஆனால் 'ஈரான், 13ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதி வைப்பது போதாது. எந்த ஊர், எந்தச் சுவர், யார் கையிலிருந்து எந்த ஆண்டு வந்தது என்பதையும் எழுத வேண்டும். சிதறியவற்றையெல்லாம் படமாகவாவது ஒரே சுவராகச் சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த ஊர்க்காரர்களும் அதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்த இடம் பாழடைந்த கட்டடம் அல்ல. இன்றும் மக்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள், மிஹ்ராப் இருந்த இடம் வெறுமையாக இருக்கும் அதே அறையில்.

தம்பி, அடுத்த முறை போகும்போது அந்த நட்சத்திரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில். பக்கத்தில் இருக்க வேண்டிய சிலுவைகளை மனதில் வைத்துப் பார். பிறகு அங்கே இருப்பவர்களிடம் "இது எந்தச் சுவரிலிருந்து வந்தது?" என்று மரியாதையாகக் கேள். வகுப்பில் கேள்வி கேட்டால் நான் என்றைக்காவது கோபித்திருக்கிறேனா? அவர்களும் கோபிக்க மாட்டார்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்