பெட்டி மட்டும் வானொலி ஆகாது

பழைய வால்வு வானொலிகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. மெருகிட்ட மரப்பெட்டி, துணி போர்த்திய ஒலிபெருக்கி, உலக நகரங்களின் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி முகப்பு. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், அதை வாங்குகிறவர்களில் சிலர் செய்யும் முதல் வேலை, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு புளூடூத் பலகையைப் பொருத்துவது. ‘புதுப்பித்த வானொலி’ என்று அதற்குப் பெயர் வேறு. அதைப் புதுப்பித்தல் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

குப்பைக்குப் போவது எது என்று பாருங்கள். 1904இல் ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங் இருமுனை வால்வை உருவாக்கினார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது முனையைச் சேர்த்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சிறு உலோகக் குழல் தணல்போலச் சுடும். அந்தச் சூட்டில் அதன் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறி, ஏறத்தாழ 250 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருக்கும் தகட்டை நோக்கிப் பாயும். நடுவில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அதற்குக் கட்டுப்பாட்டு வலை என்று பெயர். வலையின் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினால், தகட்டுக்குப் பாயும் மின்னோட்டம் நிறையவே ஏறி இறங்கும். சன்னமான சமிக்ஞை பெரிதாவது இப்படித்தான். உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள டிரான்சிஸ்டரும் பெருக்கும். ஆனால், சில்லுக்குள் அது கோடிக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. வால்வு வானொலியில் பெருக்கும் பாகங்களே மொத்தம் நான்கைந்துதான். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, இது என்ன செய்கிறது என்று விரல்விட்டுச் சொல்லலாம். மின்னணுவியல் படிக்க விரும்பும் மாணவருக்கு இதைவிடத் திறந்த புத்தகம் கிடைக்காது.

அதற்காக, ‘எதையும் தொடாதே, அப்படியே மின்சாரம் கொடு’ என்பவர்களின் பக்கமும் நான் இல்லை. அவர்கள் செய்யும் சேதம் இன்னும் மோசம். வால்வு எளிதில் சாவதில்லை. முதலில் கெடுவது மின்தேக்கிதான். அந்தக் காலத்து மின்தேக்கி, உலோகத் தாளையும் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி மெழுகு பூசியது. பல ஆண்டு கடந்தால் மெழுகு வெடிக்கும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

குறிப்பாக ஒரு மின்தேக்கியைச் சொல்ல வேண்டும். அது ஒலியைப் பெருக்கும் வால்வின் தகட்டுக்கும் கடைசி வால்வின் கட்டுப்பாட்டு வலைக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும். ஒலிச் சமிக்ஞையை விட வேண்டும், நேர்மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். அது லேசாகக் கசிந்தாலும் போதும். எதிர்மின்னழுத்தத்தில் இருக்க வேண்டிய வலை நேர்ப்பக்கம் நகரும். கடைசி வால்வில் மின்னோட்டம் கட்டுமீறிப் பாயும். தகடு சிவக்கும். பிறகு ஒலிபெருக்கிக்கான டிரான்ஸ்பார்மரின் சுருள் எரிந்து போகும். வேடிக்கை என்னவென்றால், இத்தனை நடக்கும்போதும் வானொலி கொஞ்ச நேரம் பாடிக்கொண்டுதான் இருக்கும். ‘பார், ஓடுகிறதே!’ என்று மகிழ்கிற அந்த நேரத்தில்தான் அது செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கோப்பை தேநீரின் விலைகூட இல்லாத புதிய மின்தேக்கி அதைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகவே மின்தேக்கிகளை மாற்றுங்கள், வால்வுகளை விட்டுவையுங்கள் என்பது என் கட்சி. சில ஆர்வலர்கள் பழைய மின்தேக்கியின் ஓட்டைக் குடைந்து, புதியதை அதற்குள் ஒளித்து வைப்பார்கள். பார்க்கப் பழையது போலவே இருக்கும். பொறுமையான வேலைதான்; ஆனால், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதைத் திறப்பவர் எதை நம்புவார்? புதியது புதியதாகவே தெரியட்டும். கழற்றிய பாகங்களை ஓர் உறையில் போட்டு, தேதி எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

இதில் மாணவர்கள் எதைச் செய்யலாம் என்பதில் நான் கறாராகவே இருக்கிறேன். இணைப்பைத் துண்டித்த பிறகும் பெரிய மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஐரோப்பிய வால்வுகளின் பெயரில் முதல் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். இஎல்84 போல ‘இ’ என்று தொடங்கினால், அதன் சூடாக்கி 6.3 வோல்ட்டில் இயங்குவது. யுஎல்84 போல ‘யு’ என்று தொடங்கினால், சூடாக்கிகள் எல்லாம் வரிசையாக இணைக்கப்பட்டு 100 மில்லிஆம்பியரில் இயங்குபவை. அத்தகைய வானொலிகள் பலவற்றில் மின்சாரத்தைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரே கிடையாது. உள்ளிருக்கும் உலோகத் தட்டு நேராக வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கும். குமிழ் கழன்று விழுந்த இடத்தில் விரல் பட்டாலே ஆபத்து. எனவே மின்சாரம் கொடுப்பதும் தேக்கிய மின்சாரத்தை வெளியேற்றுவதும் அனுபவமுள்ள பெரியவரின் வேலை. படம் எடுப்பது, வால்வு எண்களைக் குறிப்பது, சுற்றுப்படம் வரைவது உங்களுடையது. பெரியவர் சரி என்று சொன்ன பிறகு, ஒவ்வொரு மின்தடையையும் அளந்து அதன் நிறப் பட்டைகள் சொல்லும் மதிப்போடு ஒப்பிடுங்கள். கரி மின்தடைகளின் மதிப்பு காலப்போக்கில் ஏறியிருப்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

‘இவ்வளவு பாடுபட்டு எதைக் கேட்பது? நடு அலையிலும் சிற்றலையிலும் இப்போது என்ன வருகிறது?’ என்று புளூடூத் அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிபிசியின் தமிழோசை வானொலிகூட 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஆனால், அந்தக் காலத்து வானொலிகள் பலவற்றின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கானவை அவை. டிரான்ஸ்பார்மர் உள்ள வானொலி என்றால், விவரம் தெரிந்தவர் ஒருவர் உங்கள் கைத்தொலைபேசியின் பாட்டை அந்த வழியே உள்ளே அனுப்பித் தரலாம். பாட்டு வால்வுகளின் வழியாகவே வரும். எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

நேரடி ஒலிபரப்பையே கேட்க வேண்டுமா? 1950களின் ஜெர்மானிய வானொலிகளைத் தேடுங்கள். போருக்குப் பின் வகுத்த 1948 கோப்பன்ஹேகன் திட்டம் ஜெர்மனிக்கு நடு அலையில் மிகக் குறைந்த இடமே தந்தது. அதனால் அவர்கள் பண்பலைக்கு முன்கூட்டியே தாவினார்கள். அந்த வானொலிகளின் பண்பலை, பெரும்பாலும் 87இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். நம் ஒலி 96.8 அதற்குள்தான் இருக்கிறது.