பகல் வெயிலைச் சேர்த்து வைக்க பேட்டரிதான் வேணுமா? வெந்நீர் டேங்க் சொல்லும் கணக்கு!

மார்கழி மாசம் விடியற்காலையில பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன்ல நின்னவங்களுக்கு அந்தக் குளிர் தெரியும். சேர்வராயன் மலை அடிவாரம் என்பதால் காலையில் கை விறைக்கும். அதே ஊரில் மதியம் 12 மணிக்கு மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ஆனால் குளிக்க வெந்நீர் கேட்பது காலை 5 மணிக்குத்தானே! வெயில் இருக்கும்போது தேவை இல்லை, தேவைப்படும்போது வெயில் இல்லை. வீட்டு சோலாரின் மொத்தச் சிக்கலும் இதுதான்.

இதுக்கு எல்லாரும் சொல்ற பதில், 'பேட்டரி வாங்குங்க'. ஆனால் கடைசியில் உங்களுக்கு வேண்டியது வெந்நீரோ அடுப்புச் சூடோ என்றால், மின்சாரத்தை எதுக்குச் சேர்த்து வைக்கணும்? வெப்பத்தையே சேர்த்து வைக்கலாமே!

100 லிட்டர் தண்ணீரில் எவ்வளவு இருக்கு?

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 4 யூனிட் மின்சாரம் தேவை. பல வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் இன்வெர்ட்டர் பேட்டரி முழுசா சார்ஜ் ஆனாலும் அதில் இருப்பது 1.8 யூனிட்தான். அதையும் அடி வரைக்கும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் செத்துடும். ஆக, மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு 100 லிட்டர் டேங்க், ரெண்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் மேல். அதில் ஆசிட் இல்லை, சில வருஷத்துக்கு ஒருமுறை மாத்துற செலவும் இல்லை.

இந்த டேங்குடன் வரும் கண்ணாடிக் குழாய்களின் வேலை புதுசு இல்லை. ரெண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே வெற்றிடம். ஃப்ளாஸ்க்கில் டீ ஆறாமல் இருக்கும் அதே சூட்சுமம். டேங்கைச் சுற்றி நுரைப் பொதி இருப்பதால், ராத்திரி முழுக்க நின்றாலும் சூடு சில டிகிரிதான் குறையும்.

அப்போ மாடியில் பேனல் போட்டது வீணா?

இல்லை. ஆனால் கணக்கைக் கவனிக்கணும். 1 கிலோவாட் சோலார் பேனல் நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு சராசரியாக 4 யூனிட் தரும். அதாவது, 100 லிட்டர் வெந்நீருக்கே அந்த நாளின் மொத்த மின்சாரமும் போய்விடும். பேனல் தன் மேல் விழும் வெயிலில் சுமார் 20 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்குகிறது. வெப்பக் குழாய்கள் பாதி அளவுக்கு வெப்பமாகவே பிடித்துவிடும். மாடியில் இடம் குறைவு, தேவை வெந்நீர் மட்டும்தான் என்றால் குழாயே லாபம்.

அரசு மானியமோ வேறு பக்கம் சாய்கிறது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் பேனலுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்து வந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. வெப்பத்தைச் சேமிக்கும் டேங்க் என்பது கொள்கை வகுப்பவர்கள் கண்ணுக்கு இன்னும் 'சேமிப்பு' மாதிரி தெரியலை போல.

சமையலுக்கு?

இங்கேதான் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் 'சூர்யா நூதன்' அடுப்பு வருகிறது. 2022 ஜூனில் டெல்லியில் அறிமுகமானது. மாடியில் உள்ள பேனலிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் சமையலறைக்கு வரும். அடுப்பு அதை வெப்பமாக்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெயில் போன பிறகும் சமைக்கலாம், மழை நாளில் கரண்டிலும் ஓடும். அப்போது சொல்லப்பட்ட விலை 12,000 முதல் 23,000 ரூபாய். ஆனாலும் கேஸ் அடுப்பு மாதிரி தெருவுக்குத் தெரு இன்னும் வரலை. முதலில் இவ்வளவு பணம் கட்டணும் என்பதே பெரிய தடை.

பெரிய அளவில் பார்த்தால், பின்லாந்தின் கன்கான்பா ஊரில் 2022-ல் சுமார் 100 டன் மணலைச் சூடாக்கி வைத்து, அந்த வெப்பத்தை ஊருக்குள் குழாயில் அனுப்ப ஆரம்பித்தார்கள். ராஜஸ்தானின் அபு ரோட்டில் 770 சூரியத் தட்டுகள் வார்ப்பிரும்புக் கட்டிகளில் வெப்பத்தைச் சேர்த்து, இருட்டிய பிறகும் நீராவி தருகின்றன.

யாருக்கு உண்மையில் லாபம்?

நெட் மீட்டர் இருக்கும் வீட்டுக்கு அவசரமே இல்லை. மிச்ச மின்சாரம் கிரிட்டுக்குப் போய் கணக்கில் சேர்ந்துவிடும். பேட்டரியோடு தனியாக ஓடும் சின்ன சோலார் வச்சிருக்கறவங்கதான் யோசிக்கணும். மதியத்துக்குள் பேட்டரி நிறைஞ்சிடும். அதுக்கப்புறம் வர்ற வெயில் வீண். அந்த நேரத்தில் டைமர் வைத்து 500 வாட் ஹீட்டரை ஓட்டினால், வீணாகும் வெயில் மறுநாள் காலை வெந்நீராகும். 2,000 வாட் கீசரை மாட்டினால் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

ஒரு எச்சரிக்கை. யூடியூப்ல பார்த்துட்டு பேனல் வயரை நேரா கீசர்ல கொடுக்காதீங்க. வீட்டு கீசரின் தெர்மோஸ்டாட் ஏசி மின்சாரத்துக்கானது. பேனலின் டிசி மின்சாரத்தில் அது அணையும்போது வரும் தீப்பொறி அணையாமல் நின்று, உள்ளே கருகித் தீப்பிடிக்கலாம்.

தருமபுரி பக்கம் இன்னொரு தலைவலியும் உண்டு, உப்புத் தண்ணி. போர் தண்ணீர் சூடாகச் சூடாக குழாயின் உள்ளே வெள்ளைப் படிவம் கட்டும். அதை அப்பப்போ சுத்தம் பண்ணலைன்னா வெப்பம் தண்ணீருக்குப் போகாது. 'நல்லா கொதிச்ச தண்ணிதானே' என்று அதைக் குடிக்கவும் வேண்டாம். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளூரைடு, கொதிக்க வைத்தால் போகாது.