கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏன் சென்னை நோக்கி நிரம்பி வருகிறது? மேற்கு வங்கம் சறுக்கிய 60 ஆண்டுக் கதை

ஹவுரா பக்கத்திலுள்ள ஷாலிமார் ஸ்டேஷனில் கிளம்பி சென்னை சென்ட்ரலுக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் நீங்கள் ஒருமுறையாவது ஏறியிருந்தால், அதில் யார் வருகிறார்கள் என்று தெரிந்திருக்கும். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வரும் இளைஞர்கள் ஒரு கூட்டம். எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி வேலூர் சிஎம்சிக்குப் போகும் குடும்பங்கள் இன்னொரு கூட்டம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே இந்த ரயில் விபத்தில் சிக்கியது. அந்த விபத்தில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மேற்கு வங்கத்தில் இருந்து தெற்கே பிழைப்புக்குக் கிளம்பியவர்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் பயணம் எதிர்த்திசையில் இருந்தது. டைப்பிங், சுருக்கெழுத்து, கணக்கு தெரிந்த தமிழர்கள் வேலை தேடி கல்கத்தாவுக்குப் போனார்கள். தெற்கு கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் இன்றும் ஃபில்டர் காபித் தூளும் வாழை இலையும் கிடைப்பது அந்தத் தலைமுறையால்தான்.

திசை எப்படி மாறியது? "கம்யூனிஸ்டுகள் கெடுத்தார்கள்" என்று ஒரு பக்கம் சொல்கிறது. "டெல்லி வஞ்சித்தது" என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பாதிதான் உண்டு.

முதலில் எண்கள்

பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் மாநிலங்களின் பொருளாதாரத்தை ஒப்பிட்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதன்படி 1960-61ல் இந்தியாவின் மொத்த உற்பத்தியில் மேற்கு வங்கத்தின் பங்கு 10.5 சதவீதம். 2023-24ல் அது 5.6 சதவீதம். தலா வருமானக் கணக்கு இன்னும் கசப்பானது. அன்று தேசிய சராசரி 100 ரூபாய் என்றால் ஒரு வங்காளியின் வருமானம் 127 ரூபாய் 50 காசு. இன்று 83 ரூபாய் 70 காசு. ராஜஸ்தானும் ஒடிசாவும்கூட முந்திவிட்டன. அதே அளவுகோலில் தமிழ்நாடு இன்று 171 ரூபாய்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 1960ன் உயரம் முழுக்க வங்கத்தின் சாதனை கிடையாது. 1911 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்த ஒரு நகரத்தின் மிச்ச சொத்து அது. 1943 பஞ்சத்தைப் பார்த்த கிராமங்களுக்கு அந்தச் சொத்தில் பெரிய பங்கு இருக்கவில்லை. அதோடு 1947 பிரிவினையில் சணல் ஆலைகள் ஹூக்ளிக் கரையில் நின்றுவிட, சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. மேலே அகதிகள் வெள்ளம் வேறு. அதாவது சறுக்கல் தொடங்கும்போதே காலில் அடிபட்டிருந்தது.

டெல்லி எடுத்த ஒரு முடிவு, அதில் நமக்குக் கிடைத்த பங்கு

1950களில் மத்திய அரசு கொண்டுவந்தது சரக்குக் கட்டண சமன் கொள்கை. பேர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. எஃகு ஆலைகள் கிழக்கே ஜாம்ஷெட்பூர், பர்ன்பூர், துர்காபூர் பக்கம் இருந்தன. அங்கிருந்து ஹவுராவுக்கு ஒரு டன் எஃகு கொண்டுபோக ஆகும் செலவு கொஞ்சம். சென்னைக்குக் கொண்டுவர ஆகும் செலவு அதிகம். கொள்கை என்ன செய்தது? நாட்டில் எந்த மூலையில் வாங்கினாலும் எஃகுக்கு ஒரே விலை என்றது. சிமெண்ட் போன்ற சில பொருட்களுக்கும் இதே ஏற்பாடு.

நோக்கம் நல்லதுதான். தொழில் எல்லா ஊருக்கும் பரவ வேண்டும் என்பது. ஆனால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கிழக்கு மாநிலங்களுக்கு இயற்கை கொடுத்த ஒரே சலுகை. அதைப் பொதுவாக்கிவிட்டார்கள். துறைமுகமும் சந்தையும் பக்கத்திலிருந்த மேற்கு, தெற்கு மாநிலங்களின் சலுகை அப்படியே இருந்தது. பருத்திக்கு இப்படி ஒரு சமன் கிடையாது என்று வங்காளிகள் கேட்கும் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. ஹவுராவின் இன்ஜினீயரிங் பட்டறைகள் சுருங்கியதற்கும், அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழில் வளர்ந்ததற்கும் நடுவே இந்த ஒரே விலைக்கும் ஒரு பங்கு உண்டு. நம் வெற்றிக் கதையை நாம் சொல்லும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சரி, அப்போ எல்லாம் டெல்லியின் தவறா? இல்லை. இந்தக் கொள்கை 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகும் வங்கத்தின் பங்கு குறைந்துகொண்டேதான் வந்தது.

ஒரே மாதம், இரண்டு ஆட்சிகள்

1967 மார்ச். சென்னையில் அண்ணா முதல்வராகிறார். அதே வாரத்தில் கல்கத்தாவில் ஐக்கிய முன்னணி ஆட்சி அமைகிறது. இரண்டுமே காங்கிரஸை வீழ்த்தி வந்தவை, ஏழைகளின் பெயரால் வந்தவை.

வங்கத்தில் அந்த வருடமே ஒரு சொல் பிரபலமானது: கெராவ். தொழிலாளர்கள் மேலாளரைச் சுற்றி வளைத்து, கோரிக்கை நிறைவேறும்வரை வெளியே விடமாட்டார்கள். தொழிலாளர் துறை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் போலீஸ் தலையிடக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை அனுப்பியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அதை ரத்து செய்தது. ஆனால் முதலீட்டாளர்களுக்குப் போக வேண்டிய செய்தி போய்விட்டது. தமிழ்நாட்டிலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன, கடுமையாகவே நடந்தன. ஆனால் இங்கே அரசே ஒதுங்கி நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆட்சிகள் மாறினாலும் டிட்கோ (1965), சிட்கோ (1970), சிப்காட் (1971) என்று உருவானவற்றை அடுத்து வந்தவர்கள் கலைக்கவில்லை.

1977ல் வந்த இடது முன்னணியை வெறும் வில்லனாக்குவது சுலபம், ஆனால் தரவு ஒத்துழைக்காது. 1978ல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா' மூலம் சுமார் 14 லட்சம் குத்தகை விவசாயிகளின் உரிமை பதிவு செய்யப்பட்டது. நில உரிமையாளர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. விளைச்சலில் நியாயமான பங்கு. அதன்பின் வங்கத்தில் விவசாய உற்பத்தித்திறன் உயர்ந்ததில் கால் பங்குக்கு மேல் இந்தச் சீர்திருத்தத்தால் வந்தது என்று அபிஜித் பானர்ஜியும் மைத்ரீஷ் கட்டக்கும் பால் கெர்ட்லரும் 2002ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நில விஷயத்தில் தமிழ்நாடு இவ்வளவு தூரம் போனதே இல்லை.

பிரச்சினை அடுத்த தலைமுறையில் வந்தது. இரண்டு பீகா நிலத்தைப் பிரித்துக்கொண்ட மகன்களுக்கு வேறு வேலை வேண்டும். ஆலை இல்லை. 1980களின் தொடக்கத்தில் அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலம் நிறுத்தப்பட்டிருந்தது. தாய்மொழிக் கல்வி என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் ஆங்கிலம் படித்தார்கள், மற்றவர்கள் படிக்கவில்லை. மீண்டும் கொண்டுவர ஏறத்தாழ இருபது வருஷம் ஆனது. அதற்குள் ஐடி அலை பெங்களூருக்கும் சென்னைக்கும் வந்து நின்றுவிட்டது. உங்களில் எத்தனை பேரின் முதல் சம்பளம் அந்த அலையில் வந்தது?

சிங்கூர்: சொந்த வெற்றியே எதிரில் நின்ற இடம்

2006ல் புத்ததேவ் பட்டாச்சார்ஜி அரசு டாடா நானோ ஆலைக்காக சிங்கூரில் 997 ஏக்கர் கையகப்படுத்தியது. நிலச் சீர்திருத்தத்தால் நிலம் துண்டு துண்டாகப் பல ஆயிரம் கைகளில் இருந்தது. கொடுக்க மறுத்தவர்களும் கணிசம். அதே கட்சி முப்பது ஆண்டுகள் "நிலம் உன்னுடையது" என்று சொல்லிக் கொடுத்திருந்தது. அவர்கள் அதை நம்பிவிட்டார்கள். மம்தா பானர்ஜியின் போராட்டத்துக்குப் பிறகு 2008 அக்டோபரில் டாடா குஜராத்தின் சனந்துக்குப் போனது. 2016ல் உச்ச நீதிமன்றம் அந்த நிலக் கையகப்படுத்தலையே செல்லாது என்றது. 2023ல் டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும் என்று நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. ஆலையும் இல்லை, பணமும் போகிறது.

(நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். நமக்குப் பரந்தூர் இருக்கிறது.)

2025ல் இன்னொரு திருப்பம். 1993 முதல் தொழில்களுக்கு அறிவித்த சலுகைகளைப் பின்தேதியிட்டு ரத்து செய்யும் சட்டத்தை மேற்கு வங்க சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்தப் பணம் ஏழைகளின் நலத்திட்டங்களுக்கு வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். எனக்கு இதில் நலத்திட்டம் பிரச்சினையாகத் தெரியவில்லை. நேற்று கையெழுத்துப் போட்டதை இன்று அழிக்கலாம் என்பதுதான் பிரச்சினை. அடுத்து ஆலை கட்ட வருகிறவர் அந்த ரிஸ்க்குக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்.

வருமானம் குறைந்தால் வாழ்க்கையும் குறையுமா?

நேராக ஆமாம் என்று சொல்ல முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 22 குழந்தைகள் முதல் வயதுக்குள் இறக்கின்றன. தேசிய சராசரி 35, தமிழ்நாடு 19க்குக் கொஞ்சம் கீழே. தேசிய சராசரியைவிட ஏழை மாநிலம், ஆனால் குழந்தைகளைக் காப்பாற்றுவதில் அதைவிட நல்ல மாநிலம்.

அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள்: மேற்கு வங்கத்தில் 41.6 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. முந்தைய ஆய்விலும் வங்கத்தின் எண் அதே 41.6தான். இடையில் 'கன்யாஸ்ரீ' திட்டம் நடந்துகொண்டிருந்தது. 18 வயதுவரை படித்து, திருமணம் ஆகாமல் இருந்தால் 25,000 ரூபாய். 2017ல் ஐ.நா.வின் விருது வாங்கிய திட்டம். பள்ளியில் தங்கவைக்க அது உதவியிருக்கலாம். கல்யாணத் தேதியை மட்டும் நகர்த்த முடியவில்லை.

ஏன் என்பதற்கு என் வாசிப்பு இது: காத்திருப்பதற்குப் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைக் கொடுக்கவில்லை. இங்கே சத்துணவில் தொடங்கி, அரசுக் கல்லூரி, பிறகு திருப்பூரோ ஸ்ரீபெரும்புதூரோ என்று ஒரு பெண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியும் பாதை ஒன்று இருக்கிறது. சம்பளம் போதாது, ஹாஸ்டல் மோசம், ஷிப்ட் கொடுமை, எல்லாம் உண்மை. ஆனாலும் நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மகள் சம்பாதிப்பாள் என்று தெரிந்தால் அப்பா இரண்டு வருஷம் பொறுப்பார்.

கடைசியாக, தரவோடு வேலை செய்யும் ஆளாக எனக்குத் தினமும் உறுத்தும் ஒன்று. மாநிலத்தின் உற்பத்திக் கணக்கு, வேலை நடக்கும் இடத்தில் எழுதப்படுகிறது. முர்ஷிதாபாத்தில் இருந்து வந்து சென்னையில் கம்பி கட்டும் ஒருவரின் உழைப்பு தமிழ்நாட்டின் வளர்ச்சியில் சேர்கிறது. அவர் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம் வங்கத்தின் உற்பத்திக் கணக்கில் வராது. ஊரில் இருக்கும் அவருடைய மகளுக்கு 16 வயதில் கல்யாணம் ஆனால், அது மட்டும் வங்கத்தின் கணக்கில் ஏறும்.