பூஞ்சைச் சுவருக்குச் சாயம் அடித்தால் போதுமா?

மழைக்காலம் வந்தால் பினாங்கு அடுக்குமாடி வீடுகளில் ஒரே மாதிரியான புகார்தான். குளியலறையை ஒட்டிய சுவரில் கறுப்புப் புள்ளிகள், அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை, இரவில் பிள்ளைக்கு விடாத இருமல். பிளீச் ஊற்றித் துடைக்கிறோம், சாயம் அடிக்கிறோம், வாடை போகச் சாம்பிராணி போடுகிறோம். சில வாரங்களில் புள்ளிகள் மீண்டும் வந்துவிடுகின்றன. வீட்டைச் சுத்தமாக வைக்கவில்லை என்ற பழி பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீது விழுகிறது.

அந்தப் பழி நியாயமற்றது. பூஞ்சை வளர முக்கியமாகத் தேவைப்படுவது ஈரம். ஜார்ஜ்டவுன் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் அதிகம். மேல்மாடிக் கழிவறைக் குழாய் ஒழுகி நம் கூரை ஊறிக்கொண்டே இருந்தால், எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. சாம்பிராணி வாடையை மறைக்கும்; ஆனால் அதன் புகை ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடுதல் தொல்லை.

ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி எச்சரித்தது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை இறந்தது. வாடகை வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு செய்தது. பெற்றோர் முன்பே புகார் செய்திருந்தனர். சாயம் அடிக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபரில் அங்கு நடப்புக்கு வந்தது. கடுமையான பூஞ்சைப் புகாரை சமூக வீடமைப்பு உரிமையாளர்கள் 10 வேலை நாட்களில் ஆராய வேண்டும்.

வீட்டுப் பூஞ்சைக்கென்று அப்படி ஒரு சட்டம் மலேசியாவில் இல்லை. பணியிடக் காற்றின் தரத்துக்கு 2010-இலேயே நடைமுறை விதித்தொகுப்பு வந்தது; அதில் பூஞ்சைக்கும் வரம்பு உண்டு. அலுவலகத்துக்கு உள்ள அந்த அளவுகோல் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு இல்லை.

ஆனால் பூஞ்சைக்கு மூலமான கசிவைத் தடுக்க விதி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகளின்படி, கூரையில் கசிவு என்று புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் அடுக்குமாடி நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். மாறாக நிரூபிக்கப்படும் வரை, கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கருதப்படும். ஆய்வு முடிவை ‘போராங் 28’ சான்றிதழாக நிர்வாகம் தர வேண்டும். கோளாறு மேல்வீட்டில் என்றால் அதன் உரிமையாளர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே சரிசெய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். பொதுக் குழாய், கூரைத் தளம் போன்றவை நிர்வாகத்தின் பொறுப்பு.

இந்த விதி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், “மேல்வீட்டுக்காரர் பழகியவர், சண்டை எதற்கு?” என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் சண்டையைத் தவிர்க்கத்தான் விதி நிர்வாகத்தை நடுவில் நிறுத்துகிறது.

எனவே சாயம் அடிக்கும் முன் படம் எடுங்கள். தேதியிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாடகைக்கு இருப்போர் வீட்டு உரிமையாளர் வழியாக இதைச் செய்யலாம். நிர்வாகம் அசையாவிட்டால் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையரிடமும், அடுத்து ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றத்திடமும் போகலாம். முதலாளி தந்த தோட்ட வீடு என்றால், 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி பராமரிப்பு முதலாளியின் கடமை. தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்.

பிள்ளைக்கு இருமல் என்று கிளினிக் போகும்போது, வீட்டுச் சுவரில் ஈரமும் பூஞ்சையும் இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.