மூன்றாம் நாள்

"அதையெல்லாம் இப்ப எதுக்கு அவகிட்ட சொல்லணும்? பாவம், ஏற்கெனவே நொந்து போயிருக்கா."

வயிற்றிலேயே பிள்ளையை இழந்த பெண்ணிடம், "இன்னும் இரண்டு மூன்று நாளில் உனக்குப் பால் சுரக்கும்" என்று முன்கூட்டியே சொல்லலாமே என்று கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் தரும் பதில் இது. பல மருத்துவமனைகளிலும் இதே எண்ணம்தான், அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவே. இந்தப் பதிலில் இரக்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது காப்பாற்றுவது அந்தப் பெண்ணை அல்ல. சொல்லவேண்டியவரின் சங்கடத்தைத்தான்.

என் தங்கைக்கு 22-ஆம் வாரத்தில் கரு நின்றுபோனது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, பதினைந்து நாள் கழித்து வரவும் என்று மூன்று வரி. மூன்றாம் நாள் விடியற்காலை நைட்டியின் முன்பக்கம் ஈரமாக இருந்திருக்கிறது. வியர்வை என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைத்திருக்கிறாள். பிறகு லைட்டைப் போட்டுப் பார்த்தால், துணியில் மஞ்சள் திட்டு. என்னை எழுப்பி, "அக்கா, உள்ள சீழ் வெச்சிடுச்சு போல" என்றாள். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு அது சீம்பால் என்று பார்த்தவுடன் தெரிந்தது. முந்தின நாளே சொல்லியிருக்கலாம். நானும் "பாவம்" என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் விட்டதால் அவளுடைய துக்கம் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை. அதன் மேல் ஒரு பயம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

மௌனத்துக்கு முட்டுக்கொடுக்கும் முதல் நம்பிக்கை, "பிள்ளை வாய் வைத்தால்தானே பால் ஊறும்" என்பது. பாதி உண்மை. கருவுற்று 16 வாரத்தை ஒட்டியே மார்பகம் தயாராகிவிடுகிறது, சீம்பால் அப்போதே ஊறத் தொடங்குகிறது. அதைப் பெருக விடாமல் பிடித்து வைத்திருப்பது நஞ்சுக்கொடி சுரக்கும் புரொஜெஸ்டிரோன். நஞ்சு வெளியே வந்ததும் பிடி விடுகிறது. இரண்டு முதல் நான்கு நாளில் பால் இறங்குகிறது. பிள்ளை அழுததா, மூச்சு விட்டதா என்று உடம்பு விசாரிப்பதில்லை. நஞ்சு கழன்ற சேதி ஒன்றே அதற்குப் போதும். இறங்கிய பால் நாள்கணக்கில் தொடர்வதற்குத்தான் குடிக்க ஒரு வாய் வேண்டும். இரண்டு மூன்று மாதத்திலேயே கலைந்தவர்களுக்குப் பெரும்பாலும் மார்பில் கொஞ்சம் வலியோடு போய்விடும். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் தாண்டியவர்களுக்கு அப்படியல்ல.

அடுத்து, "இறுக்கிக் கட்டு, வத்திடும்." எங்கள் வீட்டிலும் பழைய வேட்டி கிழிபட்டது. இறுக்கிக் கட்டியவர்களையும், தாங்கலான பிரா மட்டும் அணிந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் கட்டுப் போட்டவர்களுக்குத்தான் வலி கூடுதலாக இருந்தது. அளவான, அழுத்தாத பிரா இரவிலும் பகலிலும் போதும். தண்ணீரைக் குறைத்தால் பால் குறையும் என்பதும் வெறும் பேச்சு. தாகம்தான் மிஞ்சும்.

பீய்ச்சுவது பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பெரியம்மா, "ஒரு சொட்டு விடாம பீச்சிடு, இல்லேன்னா கட்டிக்கும்" என்றார். எதிர்வீட்டு அம்மா, "கையே வைக்காதே, வைக்க வைக்க ஊறும்" என்றார். இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, இரண்டையும் முழுசாகக் கேட்டால் ஆபத்து. மார்பில் தேங்கும் பாலே "போதும், நிறுத்து" என்கிற கட்டளை. அதை ஒட்ட எடுத்துவிட்டால் உடம்பு குடிக்க ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலும் சுரக்கும். கல்லாகக் கட்டிப்போய் கையைத் தூக்க முடியாத நிலையில் தொடாமலே இருந்தால் பால்குழாய் அழன்று காய்ச்சல் வரலாம். அதனால் வெந்நீர் மேலே விழும்போது கையால் கொஞ்சம், இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, பிறகு குளிர்ந்த துணி ஒத்தடம், வலிக்குப் பாராசிட்டமால். காய்ச்சலடித்தாலோ, ஒரு பக்கம் சிவந்து சுட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். இந்த ஐந்தாறு வாக்கியத்தைச் சொல்ல ஒரு நர்ஸுக்கு இரண்டு நிமிடம் ஆகுமா?

"ஒரு மாத்திரை போட்டா நின்னுடும், இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பேச்சு" என்பவர்களும் உண்டு. மாத்திரை இருக்கிறது. கேபர்கோலின். 18 முதல் 28 வாரத்துக்குள் கருவை இழந்தவர்களிடமும் கலைத்துக்கொண்டவர்களிடமும் அமெரிக்காவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், போலி மாத்திரை வாங்கியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே நான்காம் நாள் மார்பில் தொந்தரவு இருந்தது. கேபர்கோலின் வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே இருந்தது. நல்ல மருந்துதான். ஆனால் பால் இறங்குவதற்கு முன், முதல் நாளிலேயே கொடுத்தால்தான் ஒரே வேளையோடு முடியும். அதற்கு யாராவது முதல் நாளே பேச்சை எடுக்கவேண்டுமே! இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இதைத் தரக்கூடாது. கர்ப்பகால இரத்த அழுத்தத்தாலேயே பிள்ளையை இழந்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மாத்திரை என்ற பதிலே இல்லை. இதற்கு முன் புழங்கிய புரோமோகிரிப்டினால் பக்கவாதம், வலிப்பு, மாரடைப்பு வந்ததாகப் புகார்கள் குவிந்து, 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பால் நிறுத்துவதற்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி போனது. மாத்திரையை டாக்டர்தான் எழுதவேண்டும், மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இது போதும்.

படித்தவர்கள் பக்கமும் ஒரு தவறான தீர்ப்பு இருக்கிறது. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதைச் சொன்னால் சிரிப்பார்கள். 1988-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஓர் ஆஸ்திரேலிய மகப்பேறு இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தப் பூவைப் பற்றியதுதான். மல்லிகையையும் புரோமோகிரிப்டினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாலைத் தூண்டும் புரோலாக்டின் இரண்டிலும் குறைந்தது, மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மார்பு கட்டிக்கொள்வது, பாலின் அளவு, வலி மாத்திரை தேவைப்பட்டது ஆகிய மூன்றிலும் பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, பாட்டி வைத்தியம்" என்று துள்ளவும் வேண்டாம். குடிக்காமல் விட்டாலே பால் தானாக வற்றும், அதில் பூவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சிரிப்பை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். பெரியம்மா குண்டுமல்லி வாங்கித் தொடுத்தே விட்டார். தங்கை வேண்டாமென்றாள். அவள் நாத்தனார் வளைகாப்பில் கைநிறைய வைத்துவிட்டது அதே பூ. அந்த வாசனை அவளுக்கு ஆகவில்லை.

"அது கெட்ட பால், கால் படாத இடத்துல ஊத்து" என்ற பேச்சும் வந்தது. பிள்ளை இறந்ததால் பால் கெட்டுப்போவதில்லை. தாய்ப்பால் வங்கிகளில் கொடுப்பவரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலைச் சூடுபடுத்திக் கிருமி நீக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இலேயே இப்படி ஒரு வங்கி தொடங்கியாயிற்று. பிள்ளையை இழந்த தாய்மார் இப்படிக் கொடுத்து ஆறுதல் கண்டிருக்கிறார்கள். அதற்காக "தானம் பண்ணு, புண்ணியம்" என்று வற்புறுத்துவதும் தப்பு. கொடுக்கவேண்டுமானால் பீய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும், சுரப்பும் நீளும். அவளாகக் கேட்டால் வழி சொல்லலாம்.

வேலைக்குப் போகிறவளிடம், "குழந்தைதான் இல்லையே, அடுத்த வாரம் வந்துடலாமே" என்பார்கள். மகப்பேறு நலன் பற்றிய சட்டம், கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு தருகிறது. சட்டம் பொருந்துகிற இடத்தில் வேலை செய்பவளுக்கு அது சலுகை அல்ல, உரிமை. கசிகிற மார்போடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகச் சொல்பவர்கள் அந்தச் சட்டத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

கடைசியாக, "பால் நின்னுட்டா மறந்துடுவா." எதிர்வீட்டில் கைக்குழந்தை. அது அழும்போதெல்லாம் தங்கைக்குக் குப்பென்று பால் இறங்கும். ரவிக்கைக்குள் மடித்து வைத்த வேட்டித் துண்டை மாற்றிக்கொண்டு வருவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். கனம் பத்து நாளில் இறங்கியது, சொட்டுக் கசிவு மட்டும் அப்புறமும் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள், துவைத்துக் காய்ந்த துண்டுகளை மடித்துக்கொண்டே, "ரெண்டு நாளா வரலக்கா" என்றாள். நல்லதாப் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழாதவள், அன்றைக்கு அந்தத் துண்டுகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.