ஒரு முடிச்சு போதும்

‘பிளஸ் டூவோடு நின்ற நாம், பிள்ளைக்கு இங்கிலீஷ் கட்டுரை சொல்லித் தர முடியுமா?’ என்று ஒதுங்கிவிடாதீங்க, சகோதரிகளே! இணைப்புச் சொற்களைத் திருத்த நம் தமிழே கைகொடுக்கும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள், ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ வென்ட் டு ஸ்கூல்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் ‘பட்’டைச் சிவப்பு மையில் அடித்திருந்தார். “ஏன்னு உனக்கெங்கே தெரியப்போகுது!”ன்னு அலுத்துக்கிட்டா. “அதையே தமிழில் சொல்லு”ன்னேன். ‘மழை பெய்தாலும், ஆனால் பள்ளிக்குப் போனேன்’ என்றவள், தானே சிரித்துவிட்டாள். ‘பெய்தாலும்’ வந்த பிறகு ‘ஆனால்’ எதற்கு? பூக் கட்டும்போது ஒரு கண்ணிக்கு ஒரு முடிச்சுதானே!

அதுபோல, ‘பிகாஸ்’ போட்டுத் தொடங்கினால் நடுவில் ‘ஸோ’ வேண்டாம். ‘காய்ச்சல் வந்ததால், ஆகவே வரவில்லை’ என்று நாம் சொல்வதில்லையே!

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் ‘ஆலும்’, ‘ஆல்’ எல்லாம் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் ‘ஆல்தோ’, ‘பிகாஸ்’ தாங்கள் இணைக்கும் பகுதியின் தலையில் நிற்கும். ‘ஹவெவர்’ என்று தொடங்கணும்னா, முன் வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிட்டு, ‘ஹவெவர்’ எழுதி, பக்கத்தில் கமா போடணும்.

பிள்ளை எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்க. காதை உறுத்தினால் ஒரு சொல் அதிகம்னு அர்த்தம். கையில் கரண்டி இருந்தாலும் இதைச் செய்யலாம். வேண்டியது காது மட்டும்தான்!