பசியும் பத்திரமும்

பசித்த பிள்ளைக்கு உணவிட வேண்டும் என்பதை மறுப்பவர் எந்த நாட்டிலும் இலர். எந்தப் பிள்ளை பசித்த பிள்ளை என்று தீர்மானிப்பவர் யார், தீர்மானித்ததை மற்றப் பிள்ளைகள் அறியாவண்ணம் காப்பது எங்ஙனம் என்ற இடத்திலேதான் சிக்கல் பிறக்கின்றது. இச்சிக்கலை நெடுங்காலமாக அனுபவித்துவரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். செல்வங் கொழிக்கும் அந்நாட்டிலே, அரசாங்கப் பாடசாலையிற் பயிலும் ஏழைச் சிறுவன் மத்தியான உணவை இலவசமாகப் பெறுதற்குப் பெற்றோரின் வருமானத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவேண்டிய நிலை இன்றும் பல இடங்களில் உண்டு என்பது நம்மவரிற் பலருக்கு வியப்பைத் தரலாம்.

தேசிய பாடசாலை மதிய உணவுச் சட்டத்திலே ஜனாதிபதி ட்றூமன் 1946ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி கையொப்பமிட்டார். உலக யுத்தத்துக்கு ஆட்சேர்த்தபோது, இளமையில் ஊட்டம் போதாமையால் உடல்நலங் குன்றிய வாலிபர் பலர் தள்ளப்பட்டமை அச்சட்டத்துக்கு ஒரு காரணம். கமக்காரர் விளைத்துக் குவித்த பொருள்களை உண்டு தீர்க்க வாய்கள் வேண்டியிருந்தமை மற்றொரு காரணம். கருணை மூன்றாவதாகவே நின்றது எனின் மிகையாகாது. அந்நாளில் நமது பாடசாலைகளிலே கரைத்து ஊற்றிய பால்மாவும் அதே மிகுதிக் களஞ்சியத்திலிருந்து ‘கெயர்’ ஸ்தாபனத்தின் மூலம் கப்பலேறி வந்ததை மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர்.

பணங் கொடுக்க இயலாத பிள்ளைகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ உணவளிக்க வேண்டும், அவர்களை வேறுபடுத்திக் காட்டலாகாது என்று சட்டம் அன்றே கூறியது. ஆனால் அதற்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை. ஏழை யார் என்பதையும் அவ்வவ்வூர் அதிகாரிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டனர். விளைவு யாது? மாதர் சங்கங்கள் சில கூடி நடத்திய விசாரணையொன்றின் முடிவு 1968இல் வெளியாயிற்று. அரசாங்கப் பாடசாலைகளிற் பயின்ற ஏறக்குறைய 5 கோடிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நால்வருக்குங் குறைவானவர்களே இலவசமாகவோ குறைந்த விலைக்கோ உணவு பெற்றனர். பெற்றவர்களிலும் சிலர் வேறு நிறச் சீட்டை ஏந்தி, எல்லோருங் காண நின்றே பெற்றனர். 1970இல் நாடு முழுவதற்கும் ஒரே வருமான அளவு விதிக்கப்பட்டது. பிள்ளைகளை வெளிப்படையாகப் பிரித்துக் காட்டுவதும் தடுக்கப்பட்டது.

அவ்வாறு வந்த ஏற்பாடு இன்று மூன்று படிகளாக நிற்கின்றது. வறுமைக் கோட்டு வருமானத்தின் 130 சதவீதம் வரை பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு உணவு இலவசம். அதற்கு மேல் 185 சதவீதம் வரை குறைந்த விலை. அதற்கும் அப்பால் முழு விலை. குறைந்த விலையாவது மதிய உணவுக்கு அவர்கள் நாணயத்தில் 40 சதத்துக்கு மேற்படலாகாது. 40 சதம் அமெரிக்கருக்கு ஒரு பொருளா என்று நாம் கேட்போம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே, ஆண்டொன்றுக்கு 180 பாடசாலை நாள்கள் எனக் கொண்டால், 216 டொலர் ஆகின்றது. வாடகைக்கும் மருந்துக்கும் இடையிலே தவிக்கும் தாய்க்கு அது சிறு தொகையன்று. தகப்பனின் கூலி சற்றே உயர்ந்தால் அக்குடும்பம் ஒரு படி ஏறிவிடும். பிள்ளையின் உணவு விலையும் உடன் ஏறிவிடும். பத்திரத்தின் மொழி விளங்காதவர் அதனை நிரப்புவதில்லை. அரசாங்கக் கடதாசி என்றாலே அஞ்சும் குடியேறிகளும் நிரப்புவதில்லை. தம் இல்லாமையை எழுத்திற் கொடுக்க மனமொப்பாதவரும் நிரப்புவதில்லை. ஏழைகளிலும் மானமுடையவரே முதலில் விடுபட்டுப் போகின்றனர்!

பணங் கட்டத் தவறிய பிள்ளையின் பெயரிற் கடன் ஏறுகின்றது. கடன் ஏறிய பிள்ளைக்குச் சுடுசாப்பாட்டை மறுத்துக் குளிர்ந்த பாணுக்குள் பாற்கட்டி வைத்துக் கொடுத்த பாடசாலைகள் உண்டு. கையிலே முத்திரை குத்தி அனுப்பியவை உண்டு. பரிமாறிய தட்டைப் பறித்துக் குப்பையிற் கொட்டியவையும் உண்டு. கொட்டிய உணவால் அரசாங்கத்துக்கு ஒரு சதமும் மீளவில்லை என்பதை அவர்கள் எண்ணினாரிலர். இவ்வாறு பிள்ளைகளை வெட்கப்படுத்துவதை நியூ மெக்சிக்கோ மாநிலம் 2017இற் சட்டத்தாற் தடுத்தது. மின்னசோட்டா மாநிலத்துச் சென்ற் போல் நகரிலே, பாடசாலை உணவுச்சாலையின் மேற்பார்வையாளராக இருந்த பிலாண்டோ காஸ்டில் என்பவர் காசில்லாத பிள்ளைகளுக்குத் தம் சட்டைப்பையிலிருந்தே கொடுத்து வந்தார். 2016 ஜூலையில் வீதியில் அவரது வாகனத்தை மறித்த பொலிஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக்கு அவர் இரையானார். அதன் பின்னர் அவர் பெயராற் சேர்ந்த நிதி பிள்ளைகளின் உணவுக் கடன்களை அடைத்தது. 2023இல் அம்மாநிலமே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவைச் சட்டமாக்கிற்று.

கலிபோர்ணியாவும் மெயினும் 2022இலேயே அவ்வழி சென்றன. நியூ யோர்க் நகரம் 2017இலே தன் பாடசாலைகளில் மதிய உணவைப் பொதுவாக்கியிருந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வறியோர் மிகுந்த பாடசாலைகள் பத்திரம் வாங்காமலே அனைவருக்கும் உணவளிக்க வழி திறந்தது. தொற்றுநோய்க் காலத்தில், 2020 முதல் 2022 நடுப்பகுதி வரை, நாடெங்கும் வருமானங் கேளாமல் உணவளித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆயினும் காலம் முடிந்ததும் பல மாநிலங்களிற் பழைய பத்திரம் திரும்பி வந்தது.

செல்வன் மகனுக்கும் பொதுப்பணத்திலே சோறா என்று கேட்பார் உளர். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது கன்னங்கரா அவர்களின் திட்டம் எந்தப் பிள்ளையின் தகப்பனுடைய சம்பளத்தையும் விசாரிக்கவில்லை. இன்று பாடநூலை இலவசமாகக் கொடுக்கும்போதும் நாம் விசாரிப்பதில்லை. புத்தகத்துக்கு ஒரு நியாயம், உணவுக்கு வேறொரு நியாயமா? மற்றோர் ஆட்சேபம் சற்று வலிமையுடையது. எந்தப் பாடசாலைக்கு அதிக நிதி வேண்டும் என்பதை அமெரிக்கர் இந்த உணவுப் பத்திரங்களை எண்ணியே பெரும்பாலும் கணித்து வந்தனர். பத்திரம் ஒழிந்தால் அக்கணக்கும் ஒழியும். அதற்கு வேறு அளவுகோல் தேடுவது அதிகாரிகளின் வேலை. அவர்களின் கணக்கைப் பிள்ளையின் தட்டிலே வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலே முன்னர் பாடசாலைகளைத் தெரிந்தெடுத்தனர்; ஒரே வகுப்பிலிருந்த பிள்ளைகளை ஏழை, செல்வர் எனப் பிரிக்கவில்லை. அவ்வளவில் நாம் புத்திசாலிகள். 2024இல் அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் உணவு விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஏறும் பிள்ளைக்கு அந்த விடுமுறையிலே பசி நின்றுவிடுவதில்லை. மேல்வகுப்புகளுக்கும் உணவை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழும்போது, வறியவர்க்கு மட்டும் கொடுப்போம், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியோடு பத்திரம் நிரப்பி வரட்டும் என்ற யோசனை மேசைக்கு வரக்கூடும். அதற்கு ஒப்பமிடுமுன் 1968ஆம் ஆண்டின் அவ்விசாரணையை நமது கல்வி அதிகாரிகள் ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்களாக.